பெயர் கேட்கப்படாது

எட்டாவது நினைவூட்டல் இன்று காலை வந்தது:
"உங்கள் குரல் எங்களுக்கு முக்கியம்."
வேனுக்குள் உட்கார்ந்து படித்தேன்.
கண்ணாடியின் உட்புறத்தில் என் மூச்சு உறைந்திருந்தது.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
எவ்லெத்திலிருந்து பியூல் போகும் சாலையில்
சுரங்கத்துச் செம்மண் மேடுகள்கூட
வெளுத்துப்போன பிப்ரவரி.

பெயர் கேட்கப்படாது என்றது முதல் பக்கம்.
பிறகு கேட்டது:
எந்தக் கராஜ்? என்ன வேலை? எத்தனை வருடம்?
எவ்லெத் கராஜில் கேபிள் இணைப்பவர்கள் இரண்டே பேர்.
டார்லா நிஸ்கனென் வந்து பதினான்கு மாதம்.
இருபத்திரண்டு வருடம் என்று நான் அழுத்தியபோது
என் பெயரையே எழுதிக் கொடுத்தது போலிருந்தது,
நடுப்பெயர் உட்பட.

ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பெண் போடவேண்டும்.
"வேலைக்குத் தேவையான கருவிகள் என்னிடம் உள்ளன."
விரல்கள் உள்ளன.
கையுறை போட்டால் கம்பி இருப்பது தெரியாது,
கழற்றினால் ஐந்து நிமிடத்தில்
விரல் இருப்பது தெரியாது.
நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல்:
தூக்கத்திலும் இதே வரிசையில் முணுமுணுக்கிறேனாம்.
பிரிந்துபோவதற்கு முன்பு மார்சி சொன்னாள்.

"என் உழைப்பு மதிக்கப்படுகிறது."
இருபது வருடம் முடிந்தபோது ஒரு பட்டியல் அனுப்பினார்கள்,
பிடித்த பரிசைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி.
கூடாரம் கேட்டேன்.
சமையல் கத்திகள் வந்தன.
நல்ல கத்திகள்தான், பொய் சொல்லக்கூடாது.
நான்கு போட்டேன்.

டுலூத்தில் போன் எடுக்கிறாள் ரெனே வுகெலிச்.
கழிப்பறைக்குப் போகும் நேரத்துக்கு ஓர் எண் உண்டு,
திட்டு வாங்கியபின் மூச்சு விட எண் கிடையாதாம்.
அதனால் கழிப்பறை எண்ணை அழுத்திவிட்டு
நாற்காலியிலேயே இருந்து ஜன்னலைப் பார்ப்பாள்,
ஏரி இன்று எவ்வளவு தூரம் உறைந்திருக்கிறதென்று.
அவள் என்ன போட்டாள் என்று கேட்கவில்லை.

சம்பளம் நல்ல சம்பளம். அதையும் சொல்லவேண்டும்.
என் மகன் பல்லுக்குக் கம்பி கட்டியது
இவர்கள் தந்த காப்பீட்டில்.

"நண்பருக்கோ உறவினருக்கோ
இந்நிறுவனத்தைப் பரிந்துரைப்பீர்களா?"
பரிந்துரைத்தேனே,
மார்சியின் தம்பி கோர்டி ஸ்கால்கோவுக்கு.
எட்டாம் மாதம் அனுப்பிவிட்டார்கள்,
அடையாள அட்டையைத் திருப்பி அனுப்ப
தபால்தலை ஒட்டிய உறையும் சேர்த்துக் கொடுத்து.
இப்போது போட்டிக் கம்பெனியில் இருக்கிறான்.
போன வாரம் ஒரே கம்பத்தடியில் சந்தித்தோம்.
அவர்கள் கேபிள் மேலே, எங்களுடையது ஓரடி கீழே.
யார் முதலில் ஏறுவதென்று இரண்டு பேரும் நின்றோம்.
"உன்னுடையது சாகப்போகிற கம்பி, அது காத்திருக்கும்" என்றான்.
சிரித்தோம்.
அவன் இறங்கி வரும்வரை
ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.
அவர்கள் ஏணி.

"மேலும் சொல்ல விரும்புவது, இருநூற்றைம்பது எழுத்துகளுக்குள்."
கராஜில் ஹீட்டர் ஓடவில்லை.
போன வருடமும் இதைத்தான் எழுதினேன்.
மார்ச்சில் எல்லோருக்கும் பீட்சா வந்தது.

இன்னொன்றும் எழுதத் தொடங்கி அழித்தேன்:
இருபத்தைந்து ஜோடிகளில் சரியான ஒன்றைப் பிடித்துக்
கருவியைக் காதில் வைக்கும்போது
ஒரு முனகல் வரும், அலையாமல், ஒரே சுருதியில்.
எங்கோ ஒரு சமையலறைவரைக்கும்
வழி திறந்துவிட்டதென்று அர்த்தம்.
அந்த ஒரு நொடிக்கு
குளிர் யாருக்கோ அடிக்கிறது.
இதற்கு எத்தனை மதிப்பெண், தெரியவில்லை.

போன் ஒலித்தது. மேற்பார்வையாளர் ப்ரெண்ட்.
"வேன் இருபத்தாறு நிமிடமாக நகரவில்லையே, என்ன ஆச்சு?"
"நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்குத்தான்
பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்."
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
அந்தப் பக்கம் விசைகள் தட்டும் சத்தம்.
"சரி, அந்த இருபத்தாறு நிமிடத்தை"
என்றான், நிஜமாகவே கவலைப்பட்டு,
"எந்தக் குறியீட்டில் போடுவது?"